காட்டெருமை ஜெயிக்கும் ஊர்

சேரப்பணஞ்சேரி
14.7.2013

அன்புள்ள தங்கச்சி வேல்விழிக்கு,

அண்ணன் நம்பிராஜன் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் கண்ணில் மிளகாய் பட்டதுபோல எரியும். உன் பல்வலி என்ன ஆயிற்று? பிடுங்கிவிட்டாயா, இல்லை இன்னும் கிராம்பை அடக்கிக்கொண்டு அதை ஏமாற்றுகிறாயா?

உங்கள் ஹாஸ்டலில் போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவதால் இந்தக் காலத்திலும் பேனா பிடிக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தையும் வார்டன் சிஸ்டர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாராமே. சிஸ்டருக்கும் என் வணக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருவரும் சேர்ந்து யோசித்த கேம் ஒரு வழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. படப்பையில் சாம்சன் என்று ஒருவர் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். ஆறு கம்ப்யூட்டர். ஒன்றில் நான் காட்டெருமை. மற்ற ஐந்தில் ஐந்து பேர் செந்நாய்கள். மாடு காட்டைத் தாண்டி ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டால் மாட்டுக்கு வெற்றி. அதற்குள் நாய்கள் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டால் நாய்களுக்கு வெற்றி. நாய்க்கு எவ்வளவு உயிர், கடித்தால் மாட்டுக்கு எவ்வளவு குறையும் என்ற எண்கள் எல்லாம் நீ போட்டுக் கொடுத்தவைதான்.

சாம்சனோடு படித்த கண்ணப்பன் என்பவர் வேளச்சேரியில் கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறார். அக்டோபரில் கொண்டுவா என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று. "ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கலாம். ஆனா எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஜெயிக்க வழி இருக்கணும்." அது சரியாக அமைந்தால் எனக்கு அங்கே வேலை நிச்சயம் என்கிறார். அமையாவிட்டால் ஆயுசுக்கும் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் லைனில் நின்று மஞ்சள் ஒயரையும் பச்சை ஒயரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு இதைவிட்டு வெளியே போக வேண்டும் வேலு. உன்னிடம் மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும்.

சிக்கல் என்னவென்றால் மாடுதான் எப்போதும் ஜெயிக்கிறது. நாய்களின் கடியைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். மாடு ஹாயாகப் போய்த் தண்ணீர் குடிக்கிறது. நாய்களாக ஆடுகிறவர்கள் மட்டமான ஆட்டக்காரர்களும் இல்லை. இசக்கிதுரை, அருள்பாண்டி, இன்னும் மூன்று பேர். எல்லாம் நம் பக்கத்துப் பையன்கள். என் லைனில்தான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறார்கள், என் அறைக்குக் கீழ் அறையில் ஐந்து பேரும் தங்கியிருக்கிறார்கள். உன் எண்களில் எங்கோ பிசகு. பார்த்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினால் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன் நம்பி


பாளையங்கோட்டை
28.7.2013

அன்புள்ள அண்ணனுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. கன்னம் இரண்டு நாள் பணியாரம் மாதிரி இருந்தது. இப்போது முறுக்குக்கூடக் கடிக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன், அந்தப் பாவம் உன் கணக்கில்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது வார்டன் சிஸ்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "யாரும்மா அந்த அஞ்சு நாய்?" என்று கேட்டார். விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் குழம்பியது. கடைசியில், "உங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்றார். இல்லை என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் எண்களில் பிசகாம்! அண்ணா, நாங்கள் இங்கே கட்டம் போட்ட தாளை ஒட்டி, சட்டைப் பொத்தான்களை வைத்து இதே ஆட்டத்தை ஆடிப் பார்த்தோம். அறையில் நாங்கள் ஆறு பேர். அதே உயிர், அதே கடி. ஒரு நாள் மாடு ஜெயிக்கிறது, ஒரு நாள் நாய்கள். நேற்று மாடு ஆற்றங்கரையில் போய் விழுந்தது, நாயாக ஆடிய அம்சவல்லி கத்திய கத்தலில் பக்கத்து அறையில் இருந்து ஆள் வந்துவிட்டது. என் எண்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் எங்கோ கோளாறு.

கண்ணுக்கு இளநீரில் துணி நனைத்து வை. இந்தக் கடிதத்தைக் கண்ணப்பனிடம் காட்டிவிடாதே, மானம் போய்விடும்.

பாசத்துடன்,
வேல்விழி


சேரப்பணஞ்சேரி
18.8.2013

அன்புள்ள வேலுவுக்கு,

நான் சுகம். இளநீரைத் துணியில் நனைக்க மனசு வரவில்லை, குடித்துவிட்டேன். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்ததா என்று விசாரித்து எழுது. என்னிடம் கேட்டால் "எனக்கென்ன" என்பார்.

தாள் வேறு, கம்ப்யூட்டர் வேறு தங்கச்சி. தாளில் யோசித்து யோசித்துப் பொத்தானை நகர்த்தலாம். இங்கே கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும் உனக்காக ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்த்தேன். தவறு எதுவும் கிடைக்கவில்லை. இப்போது நாய்களின் வேகத்தையும் கூட்டியிருக்கிறேன். அப்படியும் மாடுதான்.

ஒருவேளை ஷிப்ட்தான் காரணமோ என்று நினைத்தேன். இரவு ஷிப்ட் முடித்து வந்தால் யாருக்கும் கை ஓடாது அல்லவா? அதனால் பகல் ஷிப்ட் வாரத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமையில் ஆடினோம். அப்போதும் அதே கதை. நேற்று மாடு சாகிற நிலைமை. இன்னும் ஒரு கடிதான். அருள்பாண்டியின் நாய் பக்கத்திலேயே நின்றது. நின்ற நாய் திடீரென்று மரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "என்னடா?" என்றேன். "கை வழுக்கிட்டு அண்ணாச்சி" என்றான். வியர்வையாக இருக்கும். சாம்சன் மின்விசிறியைச் சரிசெய்ய மாட்டேன் என்கிறார்.

அந்த சாம்சனுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "இன்னா நம்பி, மாடு இன்னிக்கும் தண்ணி குட்ச்சிச்சா? அந்த நாயிங்கள பாத்தா எனுக்கே பாவமா கீதுபா" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பையன்கள் மட்டும் நல்லவர்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எனக்குத்தான் முதல் டீ வாங்கித் தருகிறார்கள். தோற்றோம் என்று ஒருவன்கூட முகம் சுளிப்பதில்லை.

அக்டோபர் நெருங்குகிறது. ராத்திரி படுத்தால் மாடு கனவில் வருகிறது.

உன் பதிலுக்கு வழிபார்க்கும்,
அண்ணன்


பாளையங்கோட்டை
1.9.2013

அண்ணனுக்கு அன்பு.

இங்கே மழை, சாம்பார், செமஸ்டர் மூன்றும் தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவின் முட்டுவலி "எனக்கென்ன" அளவில்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எப்போதும் நீயே மாடாக உட்கார்ந்தால் மற்ற பக்கம் எப்படி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? ஆடுபுலி ஆட்டத்தில்கூட ஒரு ஆட்டம் முடிந்தால் கட்சி மாறுவோமே. நீ ஒரு தடவையாவது நாயாக உட்கார்ந்திருக்கிறாயா? மாட்டை இசக்கிதுரையிடம் கொடுத்துப் பார்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அதை இப்போது எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். முதலில் கட்சி மாறு.

சட்டைப் பொத்தான்களைத் திருப்பித் தைக்கச் சொல்லி சிஸ்டர் உத்தரவு போட்டுவிட்டார். இப்போது புளியங்கொட்டையில் ஆடுகிறோம்.

உன்,
வேலு


சேரப்பணஞ்சேரி
29.9.2013

அன்புள்ள வேல்விழி,

பதில் தாமதம். ஆர்டர் அதிகம் என்று லைனில் ஓ.டி. மேல் ஓ.டி. யாரை நிறுத்துவது, யாரை அனுப்புவது என்று பெயர் எழுதிக் கொடுப்பதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. லைன் லீடர் என்றால் இந்தத் தலைவலி எல்லாம் உண்டு. ஜலதோஷமும் பிடித்திருந்தது, மிளகு ரசத்தில் ஓடிவிட்டது. நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள்.

நீ சொன்னபடியே செய்தேன். நான் நாய். இசக்கி மாடு. என்ன நடந்தது தெரியுமா? மாடு ஆற்றுப் பக்கமே போகவில்லை. நேராக வந்து என் நாய்க்கு முன்னால் நின்றது. நான் கடித்தேன். விழுந்தது. அருள்பாண்டியை மாடாக்கினேன். அதே கதை. ஐந்து பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தேன். நான் இருக்கிற பக்கம்தான் ஜெயிக்கிறது!

ஆக, உண்மை விளங்கிவிட்டது. கேமில் கோளாறு இல்லை. நான்தான் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரனாகிவிட்டேன். தற்பெருமை என்று சிரிக்காதே. செய்தவனுக்குத்தானே அதன் நெளிவுசுளிவு தெரியும்? பையன்களும் அதையேதான் சொன்னார்கள். "நீங்க ஆடுத ஆட்டத்துக்கு நாங்க எந்த மூலைக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கி.

அதனால் என் திறமையையும் கணக்கில் சேர்த்து, நாய்களுக்கு இன்னும் பலம் ஏற்றிவிட்டேன். பத்தாம் தேதிக்கு மேல் ஒரு நாள் வேளச்சேரி போகிறேன். மணிமங்கலம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீயும் சிஸ்டரிடம் சொல்லி மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல். எந்தப் பக்கம் இருந்து பலம் வந்தாலும் சரி.

வெற்றிச் செய்தியோடு எழுதுகிறேன்.
நம்பி


சேரப்பணஞ்சேரி
20.10.2013

வேலு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நான் நன்றாக இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

வேளச்சேரியில் ஏசி அறை. முன்பின் தெரியாத ஆறு பேர் உட்கார்ந்தார்கள். கேமை அவர்கள் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. காட்டெருமை ஓரத்தில் இருந்து கிளம்பி நாலு அடி வைத்திருக்காது. ஐந்து நாய்களும் விழுந்து புடுங்கின. முடிந்தது. மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அதே. ஆள் மாறி உட்கார்ந்தும் மாடு ஒரு தடவைகூட ஆற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "பாவம்ங்க மாடு" என்றாள். கண்ணப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை ஒரு மனுஷனை வச்சாவது ஆடிப் பாத்தியா?" என்று கேட்டார்.

ஆடிப் பார்த்தேனா! மூன்று மாதமாக வேறு என்ன செய்தேன்?

பிப்ரவரியில் கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்றார். அதுவும் சாம்சனுக்காக.

திரும்பி வந்து அன்றைக்கே படப்பையில் பையன்களோடு ஆடினேன். அதே கேம், அதே எண்கள். மாடு ஜெயித்தது. உன் ஹாஸ்டலில் ஒரு மாதிரி, வேளச்சேரியில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி. ஊருக்கு ஊர் மாறுவதற்கு இது என்ன தண்ணீரா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

தீபாவளிக்கு வரவில்லை. அம்மாவிடம் ஓ.டி. என்று சொல்லிவிடு.

நம்பி


பாளையங்கோட்டை
3.11.2013

அன்பு அண்ணா,

வீட்டிலிருந்து இன்றுதான் திரும்பினேன். நேற்று நீ இல்லாத தீபாவளி, உப்பில்லாத தோசை மாதிரி இருந்தது. அம்மா உனக்காக அதிரசம் எடுத்து வைத்திருந்தாள். அப்பா வாசலில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு எழுதாமல் விட்ட சந்தேகத்தை இப்போது எழுதுகிறேன். எங்கள் சிஸ்டருக்கு கேரம் ஆட ஆசை. அவர் உட்கார்ந்தால் சிவப்புக் காய் அவருக்குத்தான். நாங்கள் அடிக்கிற காய் எல்லாம் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். ஏன் என்று சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கடிதத்தையும் சிஸ்டர் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணா, ஓ.டி.க்குப் பெயர் எழுதுவது நீதான். கான்ட்ராக்ட் பையன்களில் யாரை வைத்துக்கொள்ளலாம் என்று உன்னைத்தானே மேலே கேட்பார்கள்? அவர்கள் உன்னிடம் தோற்பது கேமில் அல்ல. அவர்கள் வேண்டுமென்றே தோற்கிறார்கள். நீ நாய்க்கு எவ்வளவு பல் கட்டினாலும், கடிக்கக் கூடாது என்று இருக்கிற நாய் கடிக்காது.

உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதிரசம் பார்சலில் வரும். அவர்களுக்கும் கொடு.

வேல்விழி


சேரப்பணஞ்சேரி
1.12.2013

தங்கச்சிக்கு,

நலம். அதிரசம் வந்தது.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. நீ இந்தப் பையன்களைப் பார்த்ததுகூட இல்லை. ஒரே தண்ணீர்க் குழாயில் குளிக்கிறோம், ஒரே கடையில் பரோட்டா தின்கிறோம். நான் ஒருநாளும் அவர்களிடம் அதிகாரம் காட்டியதில்லை. ஓ.டி.யை முறை வைத்துத்தான் கொடுக்கிறேன்.

நீ எழுதியதற்காக அவர்களையே கேட்டும் பார்த்துவிட்டேன். லைனில், டீ இடைவேளையில், ஐந்து பேரையும் கூப்பிட்டு வைத்து, "எனக்காக விட்டுக்கொடுக்கீங்களாடே?" என்றேன். "சேச்சே, அப்படில்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்று ஒரே குரலில் சொன்னார்கள். போதுமா?

கணக்குப் படித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்காதே.

நம்பிராஜன்


பாளையங்கோட்டை
5.1.2014

அன்பு அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லதைத் தரட்டும். எனக்குப் பரீட்சை, அதோடு சளி. இரண்டும் ஒரே நாளில் முடிந்தன.

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாயே, அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. லைனில் நிறுத்தி, லீடராக நின்று கேட்டால் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன். கேம் எப்படியும் போகட்டும். நீ எழுது.

பொங்கலுக்கும் வரவில்லையாம், ஓ.டி.யாம். அம்மா போனில் கேட்டபோது உன் குரல் ஒரு மாதிரி இருந்தது என்றாள். நீ எப்போதும் வையும் சூப்பர்வைசரை ஒரு வார்த்தைகூட வையவில்லையாம். அதுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம்.

ஒரு போஸ்ட்கார்டாவது போடு.

உன் வேலு


சேரப்பணஞ்சேரி
26.1.2014

அன்புள்ள வேலுவுக்கு,

சளி போய்விட்டதா? தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நான் நலம். கம்பெனியில் எல்லாம் வழக்கம்போலத்தான், எழுத ஒன்றும் விசேஷம் இல்லை.

விசேஷம் வேறு இடத்தில். மாடு தோற்றுவிட்டது!

வேளச்சேரிக்குக் கொண்டுபோன அதே எண்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இத்தனை நாள் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நாய்கள் திடீரென்று கொலைவெறியோடு வருகின்றன. முதல் நாள் ஆட்டத்தில் மாடு விழுந்த பிறகும் விடவில்லை. விழுந்து கிடந்ததைப் போட்டுக் கடித்துக்கொண்டே இருந்தார்கள், சாம்சன் வந்து கம்ப்யூட்டரை நிறுத்தும் வரைக்கும். அப்புறம் தினமும் அப்படித்தான். நேற்று மாட்டை வளைத்துத் திருப்பினேன், இசக்கி சத்தம் போடுகிறான், "ஏலேய் நம்பி, எங்கல ஓடுத? இங்க வாலே!"

நம்பி என்கிறான். என்னைவிட நாலு வயது சின்னவன். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

பலம் ஏற்றிய நாய்களிடம் மாடு பிழைக்கவே முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு நீ முதலில் போட்ட எண்களையே வைத்தேன். வேலு, என்ன ஆட்டம் தெரியுமா! ஒரு தடவை மாடு, ஒரு தடவை நாய்கள். ஆற்றங்கரை வரைக்கும் யாருக்கு என்று சொல்ல முடியவில்லை. காலையில் சாம்சன் ஷட்டரைத் தூக்கும்போதே ஆறு பேரும் போய் நிற்கிறோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே மனசில்லை. சாம்சன் எங்களை ஒன்றும் கேட்பதில்லை, அவரே டீ சொல்கிறார்.

எனக்கு இதுதான் விளங்கவில்லை. நான் எதையுமே மாற்றாமல் இது எப்படி மாறியது? உனக்குத் தெரிந்தால் எழுது.

பொங்கலுக்கு வராததற்கு அப்பா ஏதாவது சொன்னாரா?

உன் அண்ணன்
நம்பி


பாளையங்கோட்டை
2.2.2014

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு பேரும் காலையில் இருந்து சாயங்காலம் வரை ஒன்றாக உட்கார்ந்து ஆடுகிறீர்கள். ஆறு பேருக்கும் ஷிப்ட் இல்லை. இசக்கிதுரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். உனக்குப் பயப்பட அவனுக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

லைன் இருக்கிறதா அண்ணா? கம்பெனியை மூடிவிட்டார்களா?

கடிதத்தைப் படித்துவிட்டு சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். போனை என் பக்கம் தள்ளிவைத்து, "உங்க அண்ணன்கிட்ட பேசும்மா" என்றார். எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் நீ "எல்லாம் வழக்கம்போல" என்பாய், நான் சரி என்பேன். தாளில் நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நீ இதற்கு மேல் தனியாக இருக்காதே. எனக்கு உன்மேல் கோபம் இல்லை, அழுகைதான் வருகிறது.

வேலு


சேரப்பணஞ்சேரி
23.2.2014

என் அன்பு வேலுவுக்கு,

உடம்பு நலம். இந்தத் தடவை மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பரிலேயே லைனை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஒயர் கட்டிக்கொண்டிருந்த கார் இனி வராதாம். என்னை உள்ளே கூப்பிட்டு, நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து மரியாதையாகச் சொன்னார்கள். கான்ட்ராக்ட் பையன்களுக்கு அதுவும் இல்லை. காலையில் ஷிப்டுக்கு வந்தவர்களை கேட்டிலேயே நிறுத்தி ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். வாங்கி வரச் சொல்லி அனுப்பியது என்னைத்தான். அருள்பாண்டி கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ஆட்டம் உண்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டான். அவனுக்கு அந்த நிமிடம் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

நான் செய்த வேலையைச் சொல்ல வாய் வராமல்தான் உங்கள் எல்லோரிடமும் ஓ.டி. என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவர்களே மேலே வந்து கதவைத் தட்டி, "வாரியா, ஆடுவோம்" என்றார்கள். அன்றைக்குத்தான் விழுந்த மாட்டைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதினேனே, அந்த ஆட்டம். நீ நவம்பரில் எழுதியது அத்தனையும் உண்மை என்று எனக்கு அப்போதே தெரியும். ஒப்புக்கொள்ள மனம் வராமல்தான் உன்னிடம் ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த நாட்களைப்போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. வேலை இல்லை, கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மாடு ஜெயித்தால் அது நிஜமாகவே ஜெயித்தது. என்னை வைதார்கள், என் தலையில் தட்டினார்கள். எனக்கு அது தேவையாக இருந்தது.

வியாழக்கிழமை வேளச்சேரி போனேன். உன் எண்கள்தான். தெரியாத ஆட்கள் ஆடினார்கள். மாடும் நாயும் மாறி மாறி ஜெயித்தன. அவர்களே எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். கண்ணப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் வந்து சேர்ந்துடு. டெஸ்ட் பண்றதுக்கு உன் கீழ நாலு பேர். ரெண்டு பேரு இங்க இருக்காங்க, ரெண்டு பேரை நீயே கூட்டிட்டு வா" என்றார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது வேலு! அப்பாவுக்கு போன் பண்ணி நல்லது கெட்டது எல்லாம் சொல்லிவிட்டேன். "சாப்பிட்டியாடே?" என்றார்.

தாம்பரத்தில் இருந்து ஷேர் ஆட்டோவில் பறந்து வந்தேன். ஐந்து பேரும் சாம்சன் கடையில் இருந்தார்கள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களில் இரண்டு பேரை என்னோடு கூட்டிப்போகலாம் என்றும் சொன்னேன். குதிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "உக்காருங்க அண்ணாச்சி" என்றான்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் மாடு. ஆற்றுக்குப் பாதி வழியில் ஐந்து நாய்களும் என்னைச் சூழ்ந்தன. முந்தின நாளாக இருந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும். நாய்கள் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன. நான் வேண்டுமென்றே மாட்டை நிறுத்தினேன். அசையாமல் நின்றேன். யாரும் கடிக்கவில்லை. "கடிங்கலே" என்று கத்தினேன். ஐந்து பேரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சாம்சன்கூடச் சிரிக்கவில்லை.

எந்த இரண்டு பேரைக் கூட்டிப்போவேன்? யாரைச் சொன்னாலும் மற்ற மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்? வேளச்சேரியில் எனக்குக் கீழே உட்காரப்போகிற நாலு பேர் மட்டும் என்னைக் கடிப்பார்களா? ஒன்றும் புரியவில்லை.

பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போகாதே, முதலில் படப்பைக்கு வா. எனக்குப் பக்கத்தில் உட்கார். என்னைத் தோற்கடித்துவிட்டுப் போ.

அண்ணன்
நம்பி